பதினாலாம் அறைக் காய்ச்சல்

கல்லூரியின் மாணவர் மருந்தகப் பொறுப்பை ஏற்ற மூன்றாம் நாள், டாக்டர் வசந்தா பதிவேட்டைப் புரட்டிவிட்டுக் கம்பவுண்டர் அப்பாசாமியைக் கூப்பிட்டாள்.

"பெண்கள் விடுதியில பதினாலாம் அறைப் பொண்ணுக்குப் பத்து நாளா காய்ச்சல். தினமும் நூத்தியொண்ணு. கூடவும் இல்ல, குறையவும் இல்ல. எப்படி?"

"அப்படித்தாம்மா கீது."

"தினம் நோயாளிக்குன்னு ரொட்டியும் பழமும் வேற போகுது. பொய்க் காய்ச்சலா இருந்தா அவளுக்கு விடுதி கிடையாது, உங்களுக்கு வேலை கிடையாது. வரச் சொல்லுங்க."

அந்தப் பெண் வந்தாள். நெற்றி குளிர்ந்துதான் இருந்தது. வசந்தா ரொட்டியை நீட்டினாள்.

"என் எதிர்லயே சாப்பிடு."

"இப்ப வேணாங்க டாக்டர்."

"அப்ப யாருக்கு வாங்கிட்டுப் போற?"

அப்பாசாமிதான் பதில் சொன்னார்.

"அந்தப் பொண்ணுக்கேதாம்மா. விடியறதுக்கு முன்ன துன்னணும். மெஸ்ஸு ஏழு மணிக்குத்தான் தெறக்கறாங்க. சீக்குக்காரங்க தவிர யாரும் ரூம்ல தீனி வச்சிக்கக் கூடாதுன்னு வார்டனம்மா சட்டம். கேட்டுப் பாத்துச்சு, முடியாதுன்னுட்டாங்க. வெறும் தண்ணியக் குடிச்சே நோன்பு புடிச்சிக்கினு, மூணாம் நாளு லேப்ல மயங்கி வுழுந்துடுச்சு. அன்னைலருந்து நான்தான் காய்ச்சல்னு எழுதிக்கினு கீறேன்."

வசந்தா அந்தப் பெண்ணைப் பார்த்தாள்.

"உன் பேர் என்ன?"

"ஷாஜாதிங்க. சதுரங்கப்பட்டினம்."

வசந்தா பேனாவைத் திறந்து, அன்றைய கட்டத்தில் நூறு என்று எழுதினாள்.

"நாளைக்குத் தொண்ணூத்தொம்போது போடுங்க, மறுநாள் நூத்திரெண்டு," என்றாள் அப்பாசாமியிடம். "பெருநாள் வரைக்கும் நூத்தியொண்ணே இருந்தா எவரும் நம்ப மாட்டாங்க."