முதல் மிதி

“சல்லிக்காசு குடுக்காதே. தனியா ஒரு பொம்பளை மாட்டினா மிரட்டத்தான் செய்வான்.”

போனைக் காதில் அழுத்திக்கொண்டு ஹாலுக்கும் பால்கனிக்குமாக நடந்துகொண்டிருந்தார் கூப்பன். உட்கார்ந்து பார்த்தார். சோபா சுட்டது. மறுபடி எழுந்துகொண்டார்.

“மிரட்டலைங்க. வண்டியை எடுக்காதீங்கன்னு கும்பிடாத குறையா சொல்றாரு” என்றாள் மனைவி.

அவள் நின்றிருந்தது மலை உச்சியில், ஒரு மெக்கானிக் ஷெட் வாசலில். அங்கிருந்து பாதை வளைந்து வளைந்து கீழே இறங்குகிறது. இறங்கினால் ஊர். ஊரில் அவளுக்கு இண்டர்வியூ. வருஷக்கணக்கில் விண்ணப்பம் போட்டு, வந்த ஒரே அழைப்பு.

“என்னதான் சொல்றான்?”

“வளைவுல பிரேக் போட்டா முன்சக்கரம் கிறீச்னு கத்துது. நிறுத்திக் கேட்டேன். பிரேக் பேட் தேஞ்சு இரும்புக்கு வந்துடுச்சு, இறக்கத்துல பிடிக்காதுங்கறாரு.”

கூப்பன் சிரித்தேவிட்டார். நேற்று சாயங்காலம்தான் முன்சக்கரம் இரண்டுக்கும் தன் கையாலேயே புது பேட் மாட்டியிருந்தார்.

அவருடைய சொந்தப் பெயர் அந்தக் குடியிருப்பில் பாதிப் பேருக்குத் தெரியாது. பேப்பர் வந்ததும் தலைப்புச் செய்தியைத் தேடாமல் கத்தரிக்கோலைத் தேடுகிறவர். அதே சமயம், தேதி தாண்டிய கூப்பனைக் கடைக்காரர் அசந்த நேரம் பார்த்து நீட்டுகிற ஆளும் இல்லை. கார் வாங்கும்போது எதிர்வீட்டுப் பல் டாக்டரையும் இழுத்துக்கொண்டு போய், கவர் முதல் கலர் வரை ஒரே மாதிரி ஜோடியாக எடுத்து விலையைக் குறைத்தவர். அன்றிலிருந்து எந்த மெக்கானிக்கும் அந்தக் காரைத் தொட்டதில்லை.

நேற்றைய பேட்கூடப் பாதி விலைக் கூப்பனில் வந்ததுதான். சாவி நாலாவது மாடியில், மனைவியின் கைப்பையில் இருந்தது. லிப்ட் வேறு ரிப்பேர். சக்கரத்தைக் கழற்றச் சாவி எதற்கு? கார் கவரை வேட்டி மாதிரி மடித்துக் கட்டிவிட்டு, ஜாக்கி கொடுத்து, வேலையை முடித்துவிட்டார். ‘புதுசு போட்டா முதல் மிதி சும்மா உள்ள போகும். காலையில நாலு தடவை மிதிச்சு இறுக்கிட்டு எடு’ என்று மட்டும் அவளிடம் சொல்லி வைத்திருந்தார்.

“சொன்னேனே, மிதிச்சியா?”

“மிதிச்சேன். எங்க உள்ள போச்சு? முதல் மிதியிலேயே கல்லு மாதிரி நின்னுச்சு.”

“பாத்தியா, அதான் கைராசி. புது பேட் நாலு நாள் கத்தத்தான் செய்யும். புதுச் செருப்பு கடிக்கலையா?”

“சக்கரத்தைக் கழட்டிக் காட்டட்டுமாங்கறாரு.”

“அந்த வினையே வேண்டாம். கழட்டினா என் புது பேட்டை உருவிட்டு, குப்பையில கிடக்கற பழசை எடுத்து உன்கிட்ட நீட்டுவான். இந்தத் திருட்டுப்பயல்களை எனக்குத் தெரியாதா?”

மறுமுனையில் காற்று இரைந்தது. “திருடர் மாதிரி தெரியலைங்க. வண்டி இங்கேயே இருக்கட்டும், கீழ போற வேன்ல ஏத்திவிடறேங்கறாரு.”

“ஏத்திவிடுவான். நீ திரும்பி வரும்போது நாலு சக்கரமும் இருக்காது.”

“கூப்பன் வெட்டி வெட்டி உங்க கத்தரிக்கோலே தேஞ்சு போச்சு. பிரேக் தேயாதா?”

“இப்ப என்னை நம்பறியா, அவனை நம்பறியா?”

கூப்பன் பால்கனிக் கம்பியை விரலால் தட்டினார். ஏதாவது போல்ட்டை விட்டுவிட்டோமோ? இல்லை, ஒவ்வொன்றையும் இரண்டு முறை முறுக்கிப் பார்த்தார். நகக்கண்ணில் இன்னும் அந்தக் கறுப்பு போகவில்லை. மறுபடி ஹாலுக்கு நடந்தார்.

“உங்களைத்தான்” என்றாள் கடைசியில். “எடுத்துடறேன். ஆனா வண்டிக்கு முன்னாடி மறிச்சுக்கிட்டு நிக்கறாரு. நகரச் சொல்லட்டுமா?”

வாசல் மணி அடித்தது.

“ஒரு நிமிஷம் இரு.” போனைக் காதிலிருந்து எடுக்காமலே கதவைத் திறந்தார். பல் டாக்டர். மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது.

“தப்பா எடுத்துக்காதீங்க கூப்பன் சார். நேத்து ஏதோ அவசரத்துல என் வண்டியை உங்க பார்க்கிங் இடத்துல கவர் போட்டு விட்டுட்டுப் போயிட்டேன். உங்க வீட்டம்மா உங்க வண்டியை எங்க கொண்டுபோய் நிறுத்தினாங்களோ, பாவம்.”

“அட, அதுக்கென்ன சார்.”

“என்னங்க, நகரச் சொல்லட்டுமா?” என்றது போன்.

“அது கிடக்கட்டும், ஒரு கூத்தைக் கேளுங்க” என்று டாக்டர் சுவரில் சாய்ந்துகொண்டார். “இப்பதான் வண்டியை எடுத்தேன். முதல் மிதிக்குக் கால் அப்படியே தரைக்குப் போயிடுச்சு. தூணோட தூணா ஆயிட்டேன்னு நினைச்சேன். இன்னும் ரெண்டு மிதி மிதிச்சேன் பாருங்க, நச்சுனு நிக்குது. மாசக்கணக்கா கத்திக்கிட்டு இருந்த பிரேக், இன்னிக்கு வாயே திறக்கலை. இதெல்லாம் தானாவே சரியாயிடுமா சார்?”

காலையிலிருந்து முதல் தடவையாகக் கூப்பன் ஒரே இடத்தில் நின்றார்.

“என்னங்க, லைன்ல இருக்கீங்களா?”

“மெக்கானிக் சார்கிட்ட போனைக் குடும்மா.”