ஸ்பாசுக்கும் ஒரு டியூப்

டாக்டர் மிலேவா குனிந்து ரட்காவின் கால்விரல் இடுக்கைப் பிரித்துப் பார்த்தாள்.

தோல் வெளுத்து, ஊறி, வெடித்திருந்தது. சேற்றுப்புண்.

பெர்னிக் நகரத்தில் பாதி ஆண்களுக்கு இது உண்டு. நிலக்கரிச் சுரங்கத்தின் பொதுக் குளியலறை தந்தது. ரட்கா தபால் நிலையத்தில் உட்கார்ந்து முத்திரை குத்தியவள்.

"வீட்டுல வேற யாருக்கும் இருக்கா?"

"எங்க வீட்டுக்காரர் ஸ்பாசுக்கு. சுரங்கத்துல வேலை பார்த்தார்."

"மருந்து போட்டாரா?"

"ரக்கியா ஊத்துவார் டாக்டர். காலுக்குக் கொஞ்சம், வாய்க்கு மிச்சம்."

டாக்டர் சிரிக்கவில்லை. "அவர் செருப்பைப் போடுறீங்களா?"

"வீட்டுல போடுற கம்பளிச் செருப்பு. தரை சில்லுன்னு இருக்கே."

"முதல்ல அதைத் தூக்கிப் போடுங்க ரட்காம்மா."

ரட்கா ஜன்னலைப் பார்த்தாள்.

காலைக் கழுவி இடுக்கில் ஈரமில்லாமல் துடைக்க வேண்டும், சாக்ஸை வெந்நீரில் அலச வேண்டும், அரிப்பு நின்ற பிறகும் களிம்பை நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லிக்கொண்டே போனாள்.

"அவரும் பூசணும். நீங்க மட்டும் பூசினா திரும்ப வரும். ஒரு நாள் கூட்டிட்டு வாங்க."

"கூப்பிட்டா வர்ற ஆள் இல்ல."

ஆண்களே இப்படித்தான் என்று முணுமுணுத்தபடி டாக்டர் இரண்டு டியூப் எழுதிக் கொடுத்தாள். ரட்கா மருந்துக் கடையில் இரண்டையும் வாங்கிக்கொண்டாள்.

அவள் குடியிருக்கும் கட்டடத்தின் வாசல் கதவில், மற்ற வீட்டு இறந்தவர்களின் அறிவிப்புகளுக்கு நடுவே, ஸ்பாசும் படத்தில் இருந்தார். கீழே, 'மறைந்து மூன்று ஆண்டுகள்.' மழையில் தாளின் ஓரம் எழும்பியிருந்தது. கட்டைவிரலால் அழுத்திவிட்டு மாடியேறினாள்.

காலைக் கழுவினாள். ஒவ்வொரு இடுக்காகத் துடைத்தாள். முதல் டியூபைத் திறந்து, டாக்டர் சொன்னபடியே பூசினாள்.

பிறகு அந்தப் பெரிய செருப்பு இரண்டையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். உள்ளே அவர் விரல்கள் பதிந்து பதிந்து ஐந்தைந்து குழிகள்.

இரண்டாவது டியூபைத் திறந்து, சுண்டுவிரல் குழியிலிருந்து ஆரம்பித்தாள்.

"காலை ஆட்டாதீங்க" என்றாள்.