முதல் போணி

அங்கே இருந்தவர்கள் மூவர்: ஏணிமேல் கணவன், வாளியோடு மனைவி, சாவியோடு வீட்டுக்காரம்மா. ஜன்னல் துடைக்கும் தொழிலில் தம்பதிக்கு அதுதான் முதல் வேலை. பிடித்துப்போனால் தெரு முழுக்கச் சொல்லிவிடுவதாக வீட்டுக்காரம்மா ஆசை காட்டியிருந்தாள்.

உள்ளே நிற்பவர் அழுக்கு தெரியும் இடத்தில் விரலால் தட்ட வேண்டும், வெளியே நிற்பவர் அங்கே துடைக்க வேண்டும். அதுதான் அவர்களுடைய ஏற்பாடு. மாடி ஜன்னலில் அவன் நுரை பூசியதுமே உள்ளிருந்து விரல் தட்டியது. துடைத்தான். கொஞ்சம் தள்ளித் தட்டியது. அங்கும் துடைத்தான். எதிர்வெயிலில் விரல்நுனியைத் தவிர எதுவும் தெரியவில்லை.

“மாமியார் மாதிரி நொட்டை சொல்லாதடி, கை கழண்டுடும் போல!”

“யார்கிட்ட பேசறீங்க?” என்று ஏணியடியிலிருந்து மனைவி சிரித்தாள். “நான் இன்னும் உள்ளயே போகல.”

“அப்ப மாடியில யாரு?”

“யாருமில்லப்பா, பூட்டியேதான் கெடக்கு,” என்றாள் வீட்டுக்காரம்மா, கதவைத் திறந்தபடி. “பளிச்சுனு துடைச்சிருக்க. தெரு பூரா உங்களுக்குத்தான். நீ உள்பக்கத்தப் பாரும்மா.”

“போகாதடி!”

“சும்மா இருங்க. போணியக் கெடுக்காதீங்க.”

அவன் பாதி ஏணி இறங்குவதற்குள் மனைவி உள்ளே போய்விட்டாள். வீட்டுக்காரம்மா வெளியே நின்றபடி கதவைச் சாத்திப் பூட்டினாள்.