படாத குத்து

பின்வரிசையில் சண்டை தொடங்கிவிட்டது. மேடையில் இன்னும் கயிறுகூடக் கட்டி முடிக்கவில்லை.

வாய்ச்சண்டைதான்.

ஃப்ளைவெயிட் குத்துச்சண்டையில், அந்த ஒல்லிப்பிச்சான்களின் எடையில், ராயபுரம் இதுவரை கண்டதிலேயே நுணுக்கமான ஆட்டக்காரன் யார்? இதுதான் வழக்கு.

"எபனேசருதான். இதுல இன்னா பேச்சு?"

"தணிகாவும் நுணுக்கம்தான்பா. அவரு லெஃப்டு குத்தப் பத்தி எங்கப்பா கத கதயா சொல்லுவாரு."

"யாரு, காத்துக்குத்தியா? எபனேசரு மேல ஒரு குத்து பட்டுச்சா? காத்தையே குத்திக்கினு இருந்தான்."

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தணிகாசலம் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தக் காத்துக்குத்தி அவர்தான்.

பக்கத்து நாற்காலியில் எபனேசர். இருவருக்கும் இன்று பொன்னாடை. பின்னால் அடித்துக்கொள்கிற பையன்கள், இவர்கள் மோதிய காலத்தில் பிறந்திருக்கவே மாட்டார்கள். பேசுவதென்னவோ நேரில் பார்த்தவர்கள் மாதிரி.

எபனேசருடன் மோதிய எல்லா முறையும் அவர் புள்ளிகளில் தோற்றார். அப்போது ஒட்டிய பெயர். கல்யாண மேடையில்கூட எவனோ அதைச் சொல்லித்தான் கூப்பிட்டான். துறைமுக வேலையிலிருந்து அவருக்கு ஓய்வு கிடைத்தது. பெயருக்குக் கிடைக்கவில்லை.

யார் கேலி செய்தாலும் அவரிடம் ஒரே பதில்தான். "பட்டுச்சுய்யா. நடுவருக்குத்தான் கண்ணு அவிஞ்சுபோச்சு."

குழந்தை தலையில் அடித்துக்கூடச் சத்தியம் செய்திருக்கிறார். தன் கைக்குத் தெரியாதா?

ஆனால் தோற்றவன் கைக்கு எந்த ஊரில் மதிப்பிருக்கிறது? சாட்சி சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவர்தான். அந்த எபனேசரோ, கேட்டபோதெல்லாம் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

இப்போது அதே எபனேசர் அவர் பக்கம் சாய்ந்தார்.

"தம்பி, தணிகா வந்துட்டானா?"

விளையாட்டு என்றுதான் அவர் நினைத்தார். முகத்தைப் பார்த்தார். விளையாட்டு இல்லை.

"இவனுங்களுக்கு இன்னா தெரியும்? தணிகாதான் ஆட்டக்காரன். லெஃப்டு வர்றதே தெரியாது. வாங்குனப்புறந்தான் தெரியும்."

வாங்கினபிறகு.

இத்தனை வருடம் காத்திருந்த வார்த்தை. பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கிறது. குடிக்கத்தான் முடியவில்லை. இதை யார் சொன்னதாக எடுத்துக்கொள்வது? யாரிடம் சொன்னதாக?

எபனேசரின் மகள் ஜாஸ்மின் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

எபனேசர் கை நீட்டினார். கை பாட்டிலைத் தாண்டிப் போய், வெறும் காற்றைப் பிடித்தது.

மறுபடியும் நீட்டினார். மறுபடியும் காற்று.

ஜாஸ்மின் பாட்டிலை அவர் விரல்களுக்குள் வைத்து, தானும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"தலைல வாங்குன அடி அங்கிள். அப்போ ஒண்ணும் தெரியல, இப்பதான் வேலையக் காட்டுதுன்றாரு டாக்டரு." குற்றம் சொல்கிற குரல் இல்லை. மழை வரும்போல இருக்கிறது என்பதுபோலச் சொன்னாள்.

யார் கொடுத்த அடி?

எபனேசர் எத்தனையோ பேருடன் மோதியவர். ஆனால் அவர்மேல் நகம்கூடப் பட்டதில்லை என்பதுதானே ஊர்ப்பேச்சு. பட்டது, பட்டது என்று ஊரெல்லாம் சத்தியம் செய்துகொண்டு திரிந்தவர் இவர் ஒருவர்தான்.

அப்படியென்றால் பட்டிருக்கிறது.

முதலில் அவர் நெஞ்சில் குதித்தது சந்தோஷம். அடுத்த நொடியே தன்மேல் அருவருப்பு வந்தது. அதற்கப்புறம் வந்தது என்னவென்றே அவருக்குப் புரியவில்லை. தன் இடக்கையைப் பார்த்தார். மடியில் அது சும்மா கிடந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

ஒலிபெருக்கி கரகரத்தது. முன்வரிசையில், ஒரு அடியும் வாங்காத மாவீரர் எபனேசர் என்றது. பக்கத்தில், அவருக்கு ஈடுகொடுத்த தணிகாசலம் என்றது.

பின்வரிசையிலிருந்து ஒருத்தன் ஓடிவந்து முன்னால் குந்தினான். காத்துக்குத்தி என்றவன்தான்.

"மன்னிச்சுக்கண்ணே, நீங்கன்னு தெரியாது. நீங்களே சொல்லுங்க. மெய்யாலுமே ஒண்ணாவது பட்டுச்சா?"

ஜாஸ்மின் தகப்பனின் மோவாயில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்கும் கை நின்றது.

அவருக்கு அந்தப் பதில் மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

"இல்லப்பா," என்றார். "ஒண்ணுகூடப் படல."

சொன்னதும் கொஞ்சம் மூச்சு வந்தது. ஜாஸ்மினின் கை மறுபடி துடைக்கத் தொடங்கியது.

எபனேசர் அந்தக் கையைத் தட்டிவிட்டார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு மூக்கு விடைத்திருந்தது. அன்று முதல்முறையாக இவர் முகத்தை நேராகப் பார்த்தார்.

"யாருய்யா நீ? நீ பாத்தியா? தணிகா குத்து பட்டுச்சுய்யா."

விரலை உயர்த்தினார்.

"இங்க."

விரல் நெற்றிப்பொட்டைத் தேடித் தடுமாறிக்கொண்டிருந்தது.