பேர் வெட்டின பன்னீர்ச்சொம்பு

"பாய், அந்தப் பன்னீர்ச்சொம்பை முதல்ல உள்ள எடுத்து வையுங்க!"

கடைக்குள் கால் வைத்ததும் அருணகிரி முதலியார் போட்ட அதட்டலில், கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த மஹபூப் பாஷா நிமிர்ந்தார். வெளுத்த வேட்டி, இஸ்திரி போட்ட ஜிப்பா, தோளில் மடிப்புக் கலையாத அங்கவஸ்திரம். வேலூர் லாங் பஜாரின் கைவண்டிகளுக்கு நடுவே புகுந்து வந்த மனிதர் மாதிரியே தெரியவில்லை.

"வாங்க ஐயா, உக்காருங்க. இன்னா விஷயம்?"

"உக்கார வரல. அதை எடுத்து உள்ள வையுங்க."

"உள்ள வெச்சா யார் ஐயா பாப்பாங்க?"

"யாரும் பாக்கக் கூடாதுன்னுதான் சொல்றேன்!"

பழைய பொருள் விற்கும் கடை அது. குழாய் வைத்த கிராமபோன், கல் உதிர்ந்த தஞ்சாவூர்க் கிருஷ்ணர் படம், கெம்பு அட்டிகை, வெள்ளைக்காரத் துரைமார் விட்டுப்போன பாக்கெட் கடிகாரங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், வாசலைப் பார்த்தபடி அந்த வெள்ளிப் பன்னீர்ச்சொம்பு நின்றது. அதன் வயிற்றில் எழுத்து வெட்டியிருந்தது: 'கு. பஞ்சாட்சர முதலியார், குடியாத்தம், 1931.'

"உங்களுக்கு வேண்டியவங்களா?"

முதலியார் வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"எங்கப்பா."

"அப்டியா! கொண்டாந்த புரோக்கர் யார் வீட்டு சாமான்னு மூச்சு விடலியே."

"விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தேன். உருக்கறதுக்குன்னுதான் குடுத்தேன். படுபாவி இங்க கொண்டாந்து நடு பஜார்ல நிக்க வெச்சுட்டான். நேத்து பஸ்ஸுக்குப் போறப்பதான் என் கண்ணுல பட்டுது."

"இந்த வேலைப்பாட்டை உருக்க யாருக்கு ஐயா மனசு வரும்?" என்ற பாஷா, சொம்பை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

வாங்க மாட்டேன் என்பதுபோல் நின்றவர் வாங்கிக்கொண்டார். கழுத்தைப் பிடித்து லேசாக உதறினார். ஒன்றும் தெறிக்கவில்லை. வாசனை மட்டும் இருந்தது.

"எங்க தெருவுல இது போகாத கல்யாணமே கிடையாது பாய். எங்க அத்தை கல்யாணத்துக்குன்னு செஞ்சது. எனக்குப் பதினோரு வயசு. வாசல்ல நின்னு வர்றவங்க மேல தெளிச்சுட்டு இருந்தேன். தாசில்தார் வந்தாரு. நேரா கண்ணுலயே அடிச்சுட்டேன்."

"அய்யோ! அடி விழுந்துச்சா?"

"அப்பா அடிக்கல. 'தாசில்தாருக்கு இன்னிக்குத்தான் கண்ணு குளிர்ந்திருக்கும்'னு சிரிச்சுட்டாரு." நாற்பத்தேழு வருடத்துக்கு முந்தைய அந்தச் சிரிப்பு முதலியார் முகத்தில் ஒரு கணம் வந்து போனது. "மூத்த பொண்ணுங்க ரெண்டு பேரோட கல்யாணத்துல எல்லாம் கரைஞ்சு போச்சு. கடைசியா இருந்தது இது ஒண்ணுதான்."

"இப்ப எதுக்கு ஒளிக்கணும்?"

"கடைசிப் பொண்ணு சாவித்திரிக்கு ஆம்பூர்ல இடம் முடிஞ்சிருக்கு. பட்டை மண்டி லோகநாத முதலியார் குடும்பம். தோல் பதனிடற ஷாப்புக்கெல்லாம் ஆவாரம்பட்டை போடறவங்க. நாளைக்கு ரெண்டு வீட்டுக்காரங்களும் கூறைப்புடவை எடுக்க இங்க வர்றோம்."

"நல்ல சேதிதானே!"

"அவரு பழைய சாமான் பைத்தியம் பாய். போன மாசம் உங்க கடைப் படியில இறங்கறப்ப நானே பாத்தேன். 'வேலூர் வந்தா பாஷா கடைக்கு ஒரு எட்டு போகாம இருக்க முடியல, பழைய பொருள்னா எனக்கு உயிரு'ன்னாரு. நாளைக்கும் நுழைவாரு. எங்கப்பா பேரை இங்க படிச்சாருன்னா, இவ்ளோதானா உங்க கௌரவம்னு கல்யாணத்தையே நிறுத்திடுவாரு."

பாஷா தாடியைத் தடவிக்கொண்டார். "ரொம்ப நாள் பழக்கம் அவரு. எந்த சாமான் எங்க இருக்குதுன்னு என்னைவிட ஜாஸ்தி தெரியும்."

"பாத்தீங்களா!"

"பேரை வேணா அழிச்சுடட்டுமா? அரம் போட்டா அஞ்சு நிமிஷ வேலை."

முதலியாரின் முதுகு இன்னும் நிமிர்ந்தது. "எங்கப்பா பேரை அழிங்கன்னு நான் சொல்லணுமா?"

"உருக்கவே குடுத்தீங்களே ஐயா!"

"உருக்கினா சொம்பே இருக்காது. சொம்பு இருந்து பேர் இல்லேன்னா, அது அப்பன் பேர் தெரியாத பிள்ளை மாதிரி."

முதலியார் சொம்பைக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தார். யாரிடமும் குனிந்து பழகாத மனிதரின் இரண்டு கைகளும் மெல்லக் குவிவதைப் பார்த்ததும் பாஷா பதறிப் பிடித்துக்கொண்டார்.

"கையை இறக்குங்க. உள்ள இரும்பு பீரோவுல வெச்சுப் பூட்டிடறேன். கல்யாணம் முடியற வரைக்கும் வெளிய வராது."

"பீரோவைத் திறக்கச் சொல்லிட்டாருன்னா?"

"சொல்ல மாட்டாரு."

"எப்டி அவ்ளோ உறுதியா சொல்றீங்க?"

"சொல்ல மாட்டாருன்னா சொல்ல மாட்டாரு. என் தலைமேல சத்தியம். தைரியமா போய்ட்டு வாங்க. உங்களுக்கு ஏத்த இடந்தான் அது."

முதலியார் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். பழைய மிடுக்கு திரும்பியிருந்தது. "கல்யாணத்துக்கு வந்துடணும் பாய். அப்படி ஒரு ரசிகர் எனக்கு சம்பந்தியா வாய்ச்சது எங்கப்பா செஞ்ச புண்ணியம்."

அவர் தலை மறைந்ததும் பாஷா சொம்பைத் துணியில் சுற்றி எடுத்துப்போய் பீரோவைத் திறந்தார்.

'குடியாத்தத்து சம்பந்தி கண்ணுல பட்டா மானம் போய்டும் பாய், கல்யாணம் முடியட்டும்' என்று நேற்று மாலைதான் ஒருவர் கும்பிட்டுவிட்டுப் போயிருந்தார். இரண்டு வருடமாக ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அவர் விற்ற, பேர் வெட்டின கூஜா, குத்துவிளக்கு, சந்தனக்கிண்ணம் எல்லாவற்றையும் கொஞ்சம் தள்ளி, 'ஆம்பூர் லோகநாத முதலியார்' பக்கத்திலேயே பஞ்சாட்சர முதலியாரையும் வைத்துப் பூட்டினார் பாஷா.