செட் ஆகுமா?

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் உங்க வார்த்தை ஆராய்ச்சிய மூட்டை கட்டி வைங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கும்பிடாத குறையாகச் சொன்னாள் மனைவி.

"நான் என்ன பண்ணேன்?"

"என்ன பண்ணீங்களா? போன வருஷம் பொண்ணு பார்க்க வந்த தம்பி, 'உங்க பொண்ணு ரொம்ப நைஸ்'னுதானே சொன்னான்? 'அந்த வார்த்தைக்கு ஆதியில முட்டாள்னு அர்த்தம், தெரியுமா?'ன்னு ஆரம்பிச்சீங்க. காபி ஆறுறதுக்குள்ள ஆளைக் காணோம்!"

அவர் அகராதி அலுவலகத்தில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். அக்கம்பக்கத்தார் அவரை 'அகராதி பிடிச்ச மனுஷன்' என்பது இரண்டு அர்த்தத்திலும் பொருந்தும். ஆங்கிலச் சொல் ஒன்று காதில் விழுந்துவிட்டால் போதும், அதன் பாட்டன் முப்பாட்டன் வரைக்கும் தோண்டாமல் விடமாட்டார்.

மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, இவரை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்குப்பா. இவரும் ஓடிட்டா நான் தாங்கமாட்டேன்."

அவருக்கு நெஞ்சு கரைந்துவிட்டது. "சத்தியமா வாயே திறக்கமாட்டேன்மா."

பையன் படியேறி வந்து சோபாவின் நுனியில் உட்கார்ந்தான். அவன் தொழிலைப் பற்றி மனைவி விசாரித்தாள்.

"மைக் செட் வாடகைக்கு விடுறேங்க."

செட்! அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஒற்றைச் சொல்லுக்கு அர்த்தம் எழுதி எழுதியே அவருக்குத் தலை நரைத்தது. சட்டென்று தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டார்.

"சோபா செட் சூப்பரா இருக்கு சார்."

"ம்."

"எங்க செட் பசங்கள்ல எனக்கு மட்டும்தான் இன்னும் கல்யாணம் ஆகல."

ஐயோ, மறுபடியும் செட்! வைப்பது என்ற செட் பழைய ஆங்கிலத்திலேயே பிறந்தது. கூட்டத்தைச் சொல்லும் செட்டோ லத்தீனில் கிளம்பி, பிரெஞ்சுக்காரர்களிடம் கொஞ்ச காலம் தங்கிவிட்டு வந்து சேர்ந்தது. பெயர்தான் ஒன்று, பிறந்த வீடு வேறு. இதைச் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. மகள் முகத்தைப் பார்த்தார். இன்னொரு பிஸ்கட் உள்ளே போயிற்று.

மனைவி ஜெல்லி கொண்டுவந்தாள். "இன்னும் கொஞ்சம் செட் ஆகணுமோ?" என்றான் பையன். டென்னிஸில் முதல் செட் பார்த்ததைச் சொன்னான். வாசல் பக்கத்துச் சுவர் சிமெண்ட் செட் ஆகிவிட்டதா என்று அக்கறையாக விசாரித்தான். கடைசியில் அவர் வாயையே உற்றுப் பார்த்து, "சார் பல் செட்டா? இயற்கையா இருக்கு" என்றான்.

மனைவிக்குப் புரையேறியது. அவருக்குக் கோபம்கூட வரவில்லை. பல் செட் எந்த வேரில் சேரும் என்று மனம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"சார் எதுவும் பேசமாட்டீங்களா?"

"ம்ஹூம்." தட்டு காலி.

பையன் முகம் தொங்கிப்போய் எழுந்தான். வழியனுப்ப மகள் அவனோடு இறங்கினாள்.

"இன்னிக்குத்தாங்க மனுஷனா நடந்துக்கிட்டீங்க!" என்று மனைவி அவருக்குத் திருஷ்டி கழிக்காத குறைதான். அவரும் பெருமையாகத் தண்ணீர் குடிக்கப் போனார். அப்போது படிக்கட்டில் பையன் குரல் கேட்டது.

"உங்க அப்பா சொல்ற வார்த்தைக் கதையெல்லாம் நீ சொல்லிச் சொல்லித்தானே இந்த வீட்டு மாப்பிள்ளை ஆகணும்னே எனக்கு ஆசை வந்துச்சு?"

"நான் சொல்றப்பல்லாம் நீங்க சிரிச்சதப் பார்த்து, கிண்டல் பண்றீங்கன்னு நெனச்சேனே!"

"கிண்டலா? அவர் வாயால கேக்கணும்னுதான் வந்ததுல இருந்து செட், செட்னு தூண்டில் போட்டேன். பல் செட் வரைக்கும் போயும் மனுஷன் அசையல. அவருக்கு என்னைச் சுத்தமாப் பிடிக்கல. நமக்கு செட் ஆகாது, விட்டுடு."

தண்ணீர்ச் சொம்பு உருண்டது, செருப்புகூடப் போடாமல் அவர் படிக்கட்டில் தாவி இறங்கிக்கொண்டிருந்தார்: "மாப்ளே, நில்லுங்க! செட்டுக்கு மொத்தம் ரெண்டு வேரு...!"