சுவரில் சத்தியதாஸ்

புருஷன் படத்தில் சந்தன மாலை தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த ஜெயபாயின் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

“நிறுத்து, நிறுத்து!” என்று கத்தினார் டைரக்டர் ரெனி. “சேச்சி, செத்தது உங்க ஹஸ்பண்டாக்கும். கரண்ட் பில் கட்ட கியூவில நிக்கற மாதிரி முகத்த வெச்சா எப்படி?”

ஜெயபாய் எழுந்து துணியைத் தட்டிவிட்டாள். மருமகள் வேஷம் போடும் ஆதிரா சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள்.

கரமனை நவதாரா நாடக சமிதி கொரோனாவில் மூடியது. கதவில் பூட்டு துருப்பிடித்து, போர்டில் பாதி எழுத்து உதிர்ந்த பிறகு இந்த வருஷம்தான் திறந்திருக்கிறார்கள். டைரக்டர் புதுசு, வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. நாடகம் மட்டும் பழசு.

பழசு என்றாலும் சும்மா இல்லை. நெய்யாற்றின்கரை முதல் மார்த்தாண்டம் வரை கோயில் கொடை, சர்ச் பெருநாள் என்று எங்கே போட்டாலும், தாலியறுத்தவள் வேஷத்தில் ஜெயபாய் அழும் சீனில் பந்தல் மொத்தமும் மூக்கைச் சிந்தும். அந்த அழுகையை நம்பித்தான் சமிதி மறுபடியும் கதவைத் திறந்தது.

நாளைக்கு உற்சவக் கமிட்டிக்காரர்கள் ரிகர்சல் பார்க்க வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்தால் சீசன் உண்டு; பிடிக்காவிட்டால் பழைய பூட்டைத் தேடி எடுக்க வேண்டியதுதான். இன்றைக்கும் அழுகை வராவிட்டால் வேஷம் ஆதிராவுக்கு என்று ரெனி சொல்லிவிட்டார்.

ஜவுளிக்கடையில் பகலெல்லாம் நின்றுவிட்டு வருகிற ஜெயபாய்க்கு, தன்னுடையது என்று மிச்சம் இருந்தது அந்த ஒரு வேஷம்தான். அது கை நழுவுகிறதே என்று பதற வேண்டும். பதற்றம்கூட வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பது மாதிரி அவள் தன்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நேற்று சுவரில் தொங்கியது யாரோ ஒருவருடைய முகம். ரெனி எங்கிருந்தோ பிரிண்ட் எடுத்து வந்தது. “இந்த ஆளு யாருன்னே தெரியல்ல சார்,” என்றாள் ஜெயபாய். “முன்னெல்லாம் எங்க வீட்டுக்காரரு படத்தத்தான் மாட்டுவோம். அது இருந்தா எனக்கு அழுக வரும்.”

பொய்யில்லை. மேடையில் மாலை போட உயிரோடு இருக்கிறவர்கள் படம் தர மாட்டார்கள். நாடகக்காரர்களுக்கு அந்த பயம் அதிகம். சமிதியில் மைக் செட் பார்த்த அவள் புருஷன் சத்தியதாஸ் மட்டும், “எம் படத்த மாட்டுங்கடே, ஆயுசு கூடட்டு” என்று தூக்கிக் கொடுத்தார். மேடையில் பெண்டாட்டி அந்தப் படத்தைப் பார்த்து மார்பில் அடித்துக்கொண்டு அழுவாள். அவர் சைடில் நின்று பழம் தின்றபடி அவளைப் பார்த்துக் கண்ணடிப்பார். இப்போது மைக், பாட்டு எல்லாம் ரெனியின் லாப்டாப்பில்தான்.

அந்தப் பழைய படம் ஆரியசாலை குடோனில் செட்டோடு சேர்ந்து கரையானுக்குப் போய்விட்டது. அதனால் இன்று வீட்டு ஹாலில் இருந்ததைக் கழற்றி, துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள்.

செட் போடும் லிங்கம் மாலை வாங்கக் கிளம்பினார்.

“வேண்டாம் அண்ணே. படத்துலயே கெடக்கு.”

சமிதி தொடங்கிய நாளிலிருந்து இருக்கிற லிங்கம் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு சுவரில் ஆணியை அடித்தார்.

ரெனிக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது. “வீட்டில இருக்கிற படத்தக் கொண்டாந்திருக்கீங்க. சேட்டன் சம்மதிச்சாரா? பின்ன என்னைக் குற்றம் சொல்லக் கூடாது, கேட்டோ.”

“அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு சார்.”

அப்படித்தான் இன்றைய ரிகர்சல் ஆரம்பித்தது, ஆரம்பித்த இடத்திலேயே நின்றும் போனது.

“இன்னொரு தடவ நோக்கலாம்,” என்று ரெனி மறுபடி பாட்டைப் போட்டார். ஜெயபாய் உட்கார்ந்தாள். “என்ன விட்டுட்டு எங்க போனீங்க” என்று தொடங்கும் வசனம் ஒரு சொல் பிசகாமல் வந்தது. குரல் ஏறி இறங்கியது, கை மார்பில் அடித்தது. கண் மட்டும் காய்ந்து கிடந்தது. வசனம் முடிந்ததும் தலை தானாகவே சைடுக்குத் திரும்பியது. அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது.

“அங்க எதுக்கு நோக்கறீங்க? படத்த நோக்குங்க சேச்சி!”

படத்தைப் பார்த்தாள். சத்தியதாஸ் எப்போதும் போலச் சிரித்துக்கொண்டிருந்தார். மறுபடியும் வசனம், மறுபடியும் ஒன்றுமில்லை. ஆதிரா மெல்ல நகர்ந்து பக்கத்தில் வந்து நின்றாள்.

ரெனி கெட்டவர் இல்லை. எழுந்து வந்து ஜெயபாயின் எதிரே குத்தவைத்து உட்கார்ந்து, குரலைத் தணித்துக்கொண்டார்.

“அபிநயம் ஒண்ணும் வேண்டா சேச்சி. கண்ண மூடுங்க. சேட்டன் உண்மையிலேயே போயிட்டாருன்னு ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. அவ்வளவு போதும், தன்னால அழுகை வரும்.”

“சார்...” என்று லிங்கம் சுத்தியலோடு முன்னால் வந்தார். ஜெயபாய் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

போர்த்தியிருந்த வெள்ளைத் துணியை எடுத்து, நிதானமாக மடித்து, ஆதிராவின் கையில் கொடுத்தாள்.

“அவரு உசுரோட இருந்தப்ப அப்பிடி நெனச்சுத்தான் சார் அழுதேன்.”